டீச்சருக்குத்தான் லீவு இருக்கே!

‘உனக்கென்னம்மா, மே மாசம் முழுக்க லீவு!’ ஆசிரியை வேலையில் இருக்கும் பெண்கள் ஏப்ரல் கடைசியில் கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம் இது. தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரம் பக்கம் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் இந்த டீச்சரும் (பெயர் வேண்டாமே என்பது அவர் விருப்பம்) 22 வருடங்களாக இதைக் கேட்டு வருகிறார். சொல்கிறவர்கள் சும்மா சொல்வதில்லை. அந்த வசனத்துக்குப் பின்னாலேயே ஒரு வேலை வரும்.

இந்த வருடம் அப்படி வந்தவை மூன்று. ஆலயத்தில் பத்து நாள் வி.பி.எஸ். சாயர்புரத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் அம்மா. தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியப் பயணம். இவற்றுக்கு நடுவே கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்த மகள், “ஒரு தடவையாவது கொடைக்கானல் போவோம்மா” என்று கேட்டிருந்தாள். கடைசியில் மணப்பாடு கடற்கரையில் ஒரு சாயங்காலத்தோடு கொடைக்கானல் முடிந்துபோனது.

வி.பி.எஸ். என்பது விடுமுறை வேதாகமப் பள்ளி. நியூயார்க்கில் கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக 1898-ல் எலிசா ஹாவ்ஸ் என்ற பெண்மணி நடத்திய வகுப்பை இதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். நம் ஊரில் அது கிட்டத்தட்ட திருவிழா. காலை எட்டரைக்கெல்லாம் ஆலய வளாகம் நிறைந்துவிடும். ஆக்‌ஷன் பாட்டு, பொம்மலாட்டக் கதை, மனப்பாட வசனம், பேப்பர் கைவேலை, நடுவில் சுண்டலும் ரஸ்னாவும். தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். வீட்டில் பிள்ளையார் படம் இருக்கிறதா, சிலுவை இருக்கிறதா என்று சுண்டல் தட்டு பார்ப்பதில்லை. கடைசி நாளன்று காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு, கொட்டடித்துத் தெருவைச் சுற்றி வரும் பவனியை வாசலில் நின்று பார்க்காத பாட்டிகளே கிடையாது.

டீச்சருக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு என்கிறார். பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்புப் பையன் ஒருவன் வருடம் முழுவதும் வாய் திறக்கவில்லை. புத்தகத்தை நீட்டினால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் வி.பி.எஸ்.ஸில் மேடையேறி இரண்டு பாட்டுக்கு முன்னால் நின்று ஆக்‌ஷன் செய்தான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தான். பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோதுதான் டீச்சருக்கு விஷயம் புரிந்தது. அவனுக்கு எழுத்துக் கூட்டவே தெரியவில்லை, பாட்டு முழுக்கக் காதால் கேட்டுப் பிடித்தது. பத்தில் மிச்சமிருந்த ஆறு நாளும், வகுப்பு முடிந்த பிறகு, அதே பாட்டின் வரிகளை வைத்தே அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மார்க் போடாத இடத்தில்தான் சில பிள்ளைகள் தங்களைக் காட்டுகிறார்கள் போல.

சாயர்புரத்துக் கதை இவ்வளவு இலகுவானதல்ல. அம்மாவை வருடத்தில் பதினொரு மாதம் பார்த்துக்கொள்வது அக்கா. சென்னையில் இருக்கும் அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். மே மாதம் டீச்சருடையது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த ஏற்பாடு அல்ல, ‘உனக்குத்தான் லீவு இருக்கே’ என்பதிலிருந்து தானாக முளைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரியும் அதே கணக்குத்தான். அக்காவுக்கு வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் முழுத் தூக்கம்.

அந்த மாதத்துக்குள்தான் தோர்ணக்கல்லும் வந்தது. வழக்கமாகப் பத்து நாள் போவார். இந்த முறை ஐந்தாகக் குறைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார். “போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டில் மகள் மூடி மறைக்கவில்லை. “ஊரான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போறீங்க. பெரியம்மா தூங்குறதுக்கு யாரும்மா ஊழியம் செய்வா?”

டீச்சர் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று போனை எடுத்தார். மகள் போனை வாங்கி வைத்தாள். “நான் கேள்விதான் கேட்டேன், போகாதீங்கன்னா சொன்னேன்? ஆச்சியை நான் பாத்துக்கிடுதேன். எப்படிப் புரட்டணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க.” இரண்டு நாள் கூடவே இருந்து பழகிக்கொண்டாள். அக்கா நெல்லையில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பையில் இரண்டு சேலைதான். போய்ச் சேர்ந்த அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் படுத்தவர் மறுநாள் காலையில்தான் எழுந்தாராம்.

அப்படி என்ன இருக்கிறது தோர்ணக்கல்லில்? மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து ஊர் வெள்ளாளன்விளை. அங்கே 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் நெல்லைக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்திலும் சொந்த ஆட்களாலும் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த களம்தான் தோர்ணக்கல். அசரியாவே அங்கே போய்த் தெலுங்கு கற்று வாழ்ந்தார். 1912-ல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயராகவும் ஆனார். 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அங்குள்ள பேராலயத்தில் கோயில் மண்டபம் மாதிரித் தூண்களும் மசூதி மாதிரிக் கோபுரங்களும் சேர்ந்தே நிற்கின்றன.

டீச்சரின் அம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான நாள் முதல் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட்டவர். பிடியரிசி என்பார்கள். சபைப் பெண்கள் அதைச் சேர்த்து விற்று மிஷன் வேலைக்கு அனுப்புவார்கள். கஷ்டமான வருடங்களில் பிடி சிறுத்ததே தவிர நின்றதில்லை என்கிறார் டீச்சர். அவர் முதன்முதலில் தோர்ணக்கல் போனதே அந்த அரிசி எங்கே போனது என்று பார்க்கத்தான்.

இரண்டு ரயில் மாறி, விஜயவாடா, கம்மம் தாண்டி இறங்கினால் அடுப்படிச் சூடு. அதனால் கிராமத்து வி.பி.எஸ். காலை ஆறரைக்கு வேப்பமரத்தடியில் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். தெலுங்கு அரைகுறைதான். டீச்சர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். முதல் வருடங்களில் சபையில் பழைய துணி சேகரித்து மூட்டையாகக் கொண்டு போவார்கள். ஒரு வீட்டில் அந்தத் துணி மடிப்புக் கலையாமல் பரணில் கிடப்பதைப் பார்த்த பிறகு அதை நிறுத்திவிட்டார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளிடம் கேட்டதும் இதைத்தானே? உதவி செய்தீர்கள் சரி, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்று. “நாம போய்க் கொடுத்துட்டு வாறோம்னு நெனைச்சா அங்க போகவே கூடாது” என்கிறார் டீச்சர்.

இந்த முறை தங்கிய வீட்டில் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். அங்கே அது ‘தாட்டி முஞ்ஜெலு’. பனங்காட்டில் வளர்ந்த டீச்சர் கட்டைவிரலால் நுங்கைத் தோண்டியெடுத்த வேகத்தைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி அசந்துபோனாராம். கிளம்பும்போது புதிதாகப் போட்ட ஆவக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கைக்கு வந்தது. எண்ணெய் கசியாமல் இருக்க மூன்று பாலிதீன் பை சுற்றிக் கொண்டுவந்தார்.

சாயர்புரத்தில் அம்மாவுக்குக் கஞ்சியோடு அதில் ஒரு துளி தொட்டுக் கொடுத்தார். நாக்கில் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. உறைப்பினால்தான். “கடுகு கூடிப்போச்சு” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “அங்க தண்ணி கஷ்டம் உண்டோ? பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருக்கா?” என்று கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊறுகாய் வைக்கச் சொன்னார்.

அந்த ஐந்து நாளில் மகள் இன்னொரு வேலையும் செய்திருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆச்சியைப் புரட்டிப் போட்டுவிட்டு, தூக்கம் வராமல் உட்கார்ந்து பன்னிரண்டு மாதங்களையும் கட்டம் போட்டு எழுதினாள். காலையில் அதைப் போட்டோ எடுத்துச் சென்னை மாமாவுக்கு அனுப்பிவிட்டுப் பேசினாள். “மாமா, அம்மாவுக்கு மே மாசம் லீவு. உங்களுக்கும் வருஷத்துல லீவு உண்டுல்லா?”

மாமா முதலில் சிரித்தார். பிறகு சத்தமில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, அக்டோபரில் பத்து நாள் லீவு போடுவதாகவும், தானும் மனைவியும் வந்து இருப்பதாகவும் சொன்னார். டிக்கெட் எடுத்துவிட்டாரா என்று அக்கா வாரம் ஒரு முறை டீச்சரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.