வெள்ளாற்றில் வலை இழுப்பவர்கள்

வெள்ளாற்றுக் கழிமுகம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: அரை மீட்டர் வாயும் 158 மைக்ரான் கண்ணும் கொண்ட வலையை இழுத்து விலங்கு மிதவுயிரிகளைச் சேகரித்தோம் என்று. ஒரே வரிதான். அந்த வரிக்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று பார்க்கத்தான் பரங்கிப்பேட்டைக்குப் போனேன்.

வெள்ளாறு வங்கக் கடலைச் சேரும் இடத்தருகே, ஆற்றங்கரையிலேயே இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா முன்னின்று உருவாக்கிய நிலையம். 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு உயராய்வு மையத் தகுதி அளித்தது. இடத்தைத் தேர்ந்தவர்களின் கூர்மை போனவுடனே புரிந்துவிடுகிறது. வாசலில் கழிமுகம், கிழக்கே கடல், தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. மூன்று வகைத் தண்ணீரும் ஒரு காலைப் பொழுதுக்குள் எட்டிவிடும்.

விடியலில் படகு கிளம்பியது. ஓட்டுகிறவர் பக்கத்து மீனவக் கிராமத்துக்காரர். மாணவிகள் இருவர் கேன், புட்டி, வலை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, "அண்ணே, போலாம்" என்றார்கள். மாதிரி எடுக்கும் இடத்துக்குச் செயற்கைக்கோள் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை மாணவியின் கைபேசியில் இருந்தது. படகோட்டி அதைப் பார்க்கவில்லை. கரையில் ஒரு தென்னங்கூட்டத்தையும் அதற்குப் பின்னால் தெரிந்த ஒரு கோபுர விளக்கையும் ஒரே நேரில் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினைத் தணித்தார். மாணவி கைபேசியைப் பார்த்துத் தலையாட்டினாள். மாதாமாதம் அதே இடத்தில் எடுத்தால்தானே போன ஆண்டின் எண்ணோடு இந்த ஆண்டின் எண்ணை ஒப்பிட முடியும்?

வலை இறங்கியது. கூம்பு வடிவம், அகன்ற வாயில் ஒரு வளையம், வளையத்துக்கு நடுவே தண்ணீர் ஓட ஓடச் சுழலும் ஒரு சிறு மானி, குறுகிய வால் நுனியில் ஒரு புட்டி. மாவு சலிக்கும் ஆலைகளுக்காக நெய்த பட்டுத் துணிதான் முதலில் இந்த வேலைக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் நைலான். 500 மீட்டர் தூரம் இழுத்தால் அரை மீட்டர் வாய் வழியாக ஏறக்குறைய 98 கன மீட்டர் தண்ணீர், அதாவது 98,000 லிட்டர், புகுந்து வெளியேறும். அதில் வலைக் கண்ணில் சிக்கிய உயிர்களெல்லாம் கடைசியில் கையளவுப் புட்டிக்குள் வந்து நிற்கும்.

"வேகமாப் போனா நிறைய விழும்னு நெனைப்பாங்க சார். விழாது" என்றார் படகோட்டி. "வலை வாயிலயே தண்ணி முட்டித் திரும்பிரும். கயித்தைப் பாருங்க, இப்படிச் சாஞ்சு நிக்கணும். நிமிந்துட்டா வலை சேத்துல உக்காந்துரும். படுத்துட்டா மேல வந்துரும்."

இங்கே பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டர்தான் ஆழம். வலை அடியில் உரசினால் புட்டி முழுக்கச் சேறு; அந்த மாதத்துக் கணக்கு போய்விடும். ஆகவே அவருடைய ஒரு கை இன்ஜின் பிடியிலும் கண் முழுவதும் கயிற்றிலும் இருந்தது. பேச்சு நடந்துகொண்டே இருந்தது, கயிற்றின் சாய்வு மட்டும் மாறவில்லை. வாடைக்காற்றில் எப்படி, சோழகத்தில் எப்படி, தண்ணீர் ஏறும்போது எப்படி, வற்றும்போது எப்படி என்று தனித்தனியாகச் சொன்னார். கடலியல் பாடநூல்களில் எதிரழுத்தம் என்று ஒரு பத்தியில் வரும் விஷயத்தை அவர் மணிக்கட்டால் அறிந்து வைத்திருக்கிறார். இதை நான் முழு அறிவு என்றே கருதுகிறேன். அதை 'உதவி' என்று குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேலே தூக்கியதும் மாணவி வலையை வெளிப்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினாள். உள்ளே ஊற்றினால் புதிய உயிரிகள் சேர்ந்துவிடும். வெளியிலிருந்து அடித்தால் துணியில் ஒட்டியவை மட்டும் கீழே இறங்கும். புட்டியில் ஃபார்மலின், நூற்றுக்கு நான்கைந்து பங்கு இருக்கும்படி. கொஞ்சம் போராக்ஸும் சேர்ப்பது வழக்கம். இல்லாவிட்டால் அமிலம் ஏறிச் சின்னஞ்சிறு சிப்பிக் குஞ்சுகளின் ஓடு கரைந்துபோகும். இன்னொருத்தி உயிர்வளி அளக்கும் புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, படகிலேயே மருந்துகளை விட்டாள். பழுப்பாகத் திரண்டு அடியில் இறங்கியது. கரைக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை இது. புட்டிக்குள் இருக்கும் உயிர்கள் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்குமே.

கரை சேர்ந்ததும் வலைக்கு நல்ல தண்ணீர்க் குளியல், பிறகு நிழலில் உலர்த்தல். வெயில் பட்டால் நைலான் நொறுங்கும். ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணிக்கை தவறிவிடும் என்பதால், உலர்ந்த வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள்.

அடிச்சேற்றை அள்ளி அரை மில்லிமீட்டர்ச் சல்லடையில் அலசும் வேலையும் அன்று நடந்தது. புழுவும் மட்டிக் குஞ்சும் தங்க, சேறு போகும். பிறகு ரோஸ் பெங்கால் சாயம். உயிரோடு இருந்தவை இளஞ்சிவப்பாகும். முதுகு ஒடியும் வேலை, பார்த்தாலே தெரியும்.

கடல்நீர்க் குழாய் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடல்வாழ் உயிர்களை வைத்து ஆய்வு செய்யும் நிலையத்துக்கு மின்சாரத்தைப் போல அத்தியாவசியமானது நல்ல கடல்நீர். வெள்ளாற்றில் கோடையில் உப்பளவு ஆயிரத்துக்கு 35-ஐ ஒட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஒற்றை இலக்கத்துக்கே இறங்கிவிடும். ஆகவே பம்பை எப்போது போடுவது என்பதே ஒரு கலை. தண்ணீர் ஏறி முடியும் நேரத்தில், கலங்கல் இல்லாதபோது எடுக்க வேண்டும். மழைக்கு முன்பே தொட்டிகளை நிரப்பி வைக்க வேண்டும். பிறகு மணல் வடிகட்டி, அதைவிட நுண்ணிய வடிகட்டி, குளோரின், குளோரினைப் போக்கச் சோடியம் தயோசல்ஃபேட். குளோரின் துளி மிஞ்சினாலும் இறால் குஞ்சுகள் காலைக்குள் செத்துக் கிடக்கும்.

பம்பைக் கவனிக்கிறவர் துளி நீரை ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் விட்டு, வானத்தைப் பார்த்துப் படித்து, நோட்டில் குறித்துக்கொண்டார். குஞ்சு பொரிக்கும் கூடத்தில் இரவுக் காவல் பெரும்பாலும் காதால்தான் என்றார். காற்றுக் குழாய்களின் கொப்பளிப்புச் சத்தம் மாறினால் தூக்கத்திலும் எழுந்துவிடுவாராம். குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியாவின் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நாளை மாலைக்குத் தீனி வேண்டுமென்றால் இன்று மாலையே போட வேண்டும். ஞாயிறு, பொங்கல் என்று அதற்குக் கிடையாது.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிச் சாடிகள் வரிசையாக. மீனை நேரே மருந்தில் போட்டுவிட முடியாது. முதலில் துடுப்புகளை விரித்து ஊசி குத்தி நிறுத்த வேண்டும். பெரிய மீனானால் வயிற்றில் ஃபார்மலின் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருந்தே அழுகும். பெயர்ச்சீட்டைச் சாடிக்கு உள்ளேயும் போடுகிறார்கள், பென்சிலால் எழுதி. பேனா மை கரைந்துவிடும். சீட்டு அழிந்தால் அந்த மீன் எந்த ஆண்டு, எந்த இடத்து மீன் என்று யாராலும் சொல்ல முடியாது. அறிவியலுக்கு அது செத்த மீன்தான். சாடிகளைப் பராமரிக்கும் பெரியவர், மருந்து குறைந்த ஒன்றை எடுத்து நிரப்பிக்கொண்டே, மூடி இறுகினால் சுத்தியால் தட்டக்கூடாது, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்ற வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பையன் சுற்றிப் பார்த்தான். திறக்கவில்லை. "பொறு தம்பி, கண்ணாடி விரியட்டும்" என்றார்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முதல் பக்கங்களில் வழிகாட்டிக்கும் துறைத் தலைவருக்கும் நன்றி சொல்வார்கள். சிலவற்றில் படகோட்டிகளின் பெயரும் உண்டு. அது நன்றிப் பக்கத்தோடு நில்லாமல், மாதிரி எடுத்த முறையை விவரிக்கும் பகுதிக்குள்ளேயே வர வேண்டும் என்பது என் கருத்து: வலையின் கண்ணளவு, இழுத்த தூரம், இழுத்தவர் பெயர். இதை அந்த மாணவியிடம் சொன்னேன். நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணன் பேரை எழுதுறது பெரிசில்ல சார், எந்த வேகத்துல இழுத்தாருன்னு எப்படி எழுதுறது? அவர் கயித்தைப் பார்த்துல்ல இழுத்தாரு" என்றாள். எண்ணும் தட்டில் அவள் அப்போது கோப்பிபோடு என்னும் மிதவுயிரிகளின் மூன்றாவது கட்டத்தில் இருந்தாள்.