பத்தாம் இலக்கம்
பத்து இலக்கங்களும் ஒன்றாயுள்ள துவித எண்ணின் தசமப் பெறுமானம் 1023 என்பதை மாணவர் அறிவர். எக்செல் விரிதாளின் ‘பின்2டெக்’ சார்போ -1 என விடையிறுக்கும். அச்சார்பு இரண்டின் நிரப்பி முறையைத் தழுவியது. இடப்புறத்துப் பத்தாம் இலக்கத்தை 512 என்னாது -512 எனக் கொள்ளும். எஞ்சிய ஒன்பதும் 511 ஆதலின் கூட்டுத்தொகை -1 ஆகின்றது. ஆகவே, அதன் எல்லை -512 முதல் 511 வரையே.

பதினோரிலக்க எண்ணை அது ஏலாது. வழுவென அறிவித்து நின்றுவிடும். அவ்வறிவிப்பைக் கண்டவர் மாற்றுவழி தேடுவர். 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான ‘டெசிமல்’ சார்பு, அடி இரண்டெனக் குறிப்பின், 1023 என்றே தரும்.

அஞ்சத்தக்கது வழுவன்று. எவ்வித எச்சரிக்கையுமின்றித் தோன்றும் மறைப் பெறுமானம் அடுத்த கணிப்பிலும் புகுந்துவிடும். கருவி கொண்ட மரபை அறியாதார்க்கு அதன் சரியான விடையும் பிழையாகவே முடியும்.