ஏற்றத்தில் ஏறும் ஊசி



நம் குடும்பங்களில் பழைய வண்டி வாங்குவோர் மிகுதி. வட்டிக் கடனுக்குள் தலையை நுழைக்க விரும்பாத ஒருவர், கையில் சேர்ந்த ரொக்கத்துக்கு எது கிடைக்கிறதோ அதையே வாங்குகிறார். பெரும்பாலும் அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வேனாக இருக்கும். அத்தகைய வண்டிக்கு வரும் நோய்களுள் ஒரு குடும்பத்தின் சேமிப்பை ஒரே பிற்பகலில் கரைத்துவிடக் கூடியது என்ஜின் சூடேறுதல்தான் என்பது என் கருத்து. பிரேக் தேய்ந்தால் ஓசை எழுப்பும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். என்ஜினின் காய்ச்சலோ, ஊசியைக் கவனிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டின் பெட்ரோல் வேன். முன் இருக்கைக்கு அடியில் என்ஜின் அமைந்த வகை. மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் தொலைவில் வசிக்கும் ஆறு பேரைக் காலையில் ஏற்றிவருவதும், குடும்பத்தோடு உறவினர் வீடுகளுக்குச் செல்வதும் அதன் பணி. மார்கழி மாதத்துக் காலை ஒன்றில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். வெப்ப ஊசி நடுக்கோட்டுக்கும் கீழேயே நின்றது. உடன் வந்தவர்கள், "என்ஜின் குளுகுளுன்னு இருக்கு" என்று மகிழ்ந்தார்கள். அவ்வாறு கீழே நிற்பதும் ஒரு நோய்க்குறியே என்பதைப் பின்னர் ஒரு முதிய மெக்கானிக் விளக்கினார்.

ஊருக்குள் எவ்விதத் தொல்லையும் இல்லை. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைக்கு மேல் வளைவுகளில் ஏறி ஆரியங்காவை நெருங்கும்போது மட்டும் ஊசி சிவப்பை நோக்கி நகரும். முதலில் பார்த்த பட்டறையில் மின்விசிறியின் மோட்டாரை மாற்றினார்கள். பயனில்லை. அடுத்த பட்டறையில் ரேடியேட்டரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். அதிலும் பயனில்லை.

முதியவர் வண்டியைத் தொடவே இல்லை. "ஹஜ்ரத், எப்போ ஏறுது? நிக்கும்போதா, ஓடும்போதா?" என்று மட்டும் கேட்டார். நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. வண்டி வேகமாக ஓடுகையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், விசிறிக்கு வேலையில்லை. ஆகவே நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் ஐயம் விசிறியின் மீது செல்ல வேண்டும். அவ்வேளையில் ஏசியைப் போட்டுப் பார்க்கலாம். பல வண்டிகளில் ஏசி ஓடினால் விசிறியும் ஓடும். ஏசி போட்டபோது மட்டும் விசிறி சுழன்றால் மோட்டார் நலமே. வெப்பத்தை உணர்த்தும் சென்சார், ரிலே, வயர் இவற்றில்தான் குறை. மாறாக, ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால், என்ஜின் உண்டாக்கும் வெப்பத்தைச் சுமந்து செல்லும் அளவுக்கு ரேடியேட்டருக்குள் நீரோட்டம் இல்லை என்று பொருள். எங்கள் வண்டி இரண்டாம் வகை. விசிறிக்குச் செலவழித்த பணம் வீண் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மூடி சாதாரண மூடியன்று. உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்து வைப்பது அது. அவ்வழுத்தத்தால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் நீங்கிய அக்கணமே உள்ளிருப்பது ஆவியாகி முகத்தில் பாயும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப்போனால் அழுத்தம் நிற்காது. நீர் விரைவில் கொதித்து வெளியேறும். சில நூறு ரூபாய்ப் பொருள் என்பதால் இதைச் சோதிக்க எவரும் மெனக்கெடுவதில்லை.

எங்கள் ரேடியேட்டருக்குள் பழுப்பு நிறச் சேறு இருந்தது. பள்ளிவாசலில் உளூச் செய்யும் குழாய்களின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை அனைவரும் பார்த்திருப்போம். அதே ஆழ்குழாய் நீரை ஆண்டுக்கணக்கில் என்ஜினுக்கு ஊற்றினால் அதே படிவம், இரும்புத் துருவோடு கலந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். போதாக்குறைக்கு, கசிவை அடைக்க எவரோ மஞ்சள்தூளும் போட்டிருந்தார். லாரி ஓட்டுநர்கள் நடுவழியில் கையாளும் உபாயம் அது. ஊர் வந்து சேர உதவும். பிறகு நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

அடுத்துத் தெர்மோஸ்டாட். உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிவதால் திறக்கும் சிறு கதவு அது. பெரும்பாலும் 82 முதல் 88 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். என்ஜின் விரைவில் உரிய சூட்டை அடையும். அது மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் மேல் ஹோஸ் கொதிக்கும், கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கும். எங்கள் வண்டியில் சிக்கிக்கொள்ள அது இருக்கவே இல்லை! "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறியும் பழக்கம் பட்டறைகளில் பரவலாக உண்டு. கழற்றினால் குளிர்ந்த காலையில் ஊசி மேலே வராது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், என்ஜின் தேயும், அடைபட்ட ரேடியேட்டரும் சில காலம் மறைந்து கிடக்கும். விற்றவர் அறிந்தே செய்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். தெர்மோஸ்டாட் தானாகக் கழன்று போவதில்லை என்பதை மட்டும் நான் அறிவேன்.

பழைய பித்தளை ரேடியேட்டராயின் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மீண்டும் ஈயம் வைத்து ஒட்டுவார்கள். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட இக்காலத்து ரேடியேட்டருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது, மாற்றுவதே வழி. புதிய ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, சரிபாதிக் கூலன்ட்டும் சரிபாதி டிஸ்டில்டு வாட்டருமாகக் கலவை என்று 9,350 ரூபாய் ஆயிற்று. கூலன்ட் பற்றி ஒரு சொல்: அதன் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். சிலவற்றைக் கலந்தே விற்கிறார்கள். அவற்றில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்தியதை வீட்டுப் பூனை நக்கினாலும் உயிர் போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவை உயரத்தில் வைக்க வேண்டும்.

ஆரியங்காவு ஏற்றத்தில் ஊசி அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் ஒரு மாதத்தில் சேமிப்புக் குடுவையின் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. வெளியே சிந்தாமல் குறைகிற நீர் உள்ளேதான் சென்றிருக்க வேண்டும். முதியவர் குளிர்ந்த என்ஜினை இயக்கி, ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கல்லைப் போல் இறுகியிருந்தது. நீர் சூடாகும் முன்பே அழுத்தம் ஏறுகிறதென்றால் எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் நுழைகிறது. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குப்பியை வைத்துச் சோதித்தார். சிறிது நேரத்தில் நீலம் மஞ்சளாயிற்று. ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தது. "இது பழைய காய்ச்சல் ஹஜ்ரத். முன்னாடி யாரோ சிவப்புல வச்சே ஓட்டியிருக்காங்க" என்றார்.

அவ்வேளையில் வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தொழில் தொடங்க வேன் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் தர அணியமாக இருந்தார். என் மனைவியின் தம்பி, "மச்சான், இப்ப ஊசி நேரா நிக்குது. குடுத்துருங்க. உள்ளதை உள்ளபடி வாங்கிக்கிறதா அவரே சொல்றார்ல" என்றார்.

இக்கேள்வியை மதரஸா மாணவர்கள் வணிகப் பாடத்தில் கேட்பதுண்டு. குறையை அறியாமல் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. அதைக் கியாருல் ஐப் என்பர். எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பல்லன் என்று நிபந்தனையிட்டு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு மிகக் குறுகிய இடமே உண்டு. ஆனால் வழக்கு நிற்குமா என்பது வேறு. அறிந்த குறையை மறைக்கலாமா என்பது வேறு. பின்னதில் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து அடியிலிருந்த ஈரத்தை வெளிக்கொணர்ந்த அண்ணலாரின் (ஸல்) நிகழ்வை நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். அவ்வீரம் மழையால் வந்தது, வணிகர் ஊற்றியதன்று. மேலே காய்ந்ததை வைத்ததுதான் பிழையாயிற்று.

இளைஞரை நேரே பட்டறைக்கு அழைத்துச் சென்று, குளிர்ந்த என்ஜினில் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் செய்தேன். முதியவர் செலவுக் கணக்கையும் சொன்னார். விலையைக் குறைக்கவும் நான் ஆயத்தமாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசியில் நன்றி கூறி, வேறு வண்டி முடிந்துவிட்டதாகச் சொன்னார். மச்சான் ஒரு வாரம் என்னிடம் அளவோடுதான் பேசினார்.

நாங்களே ஹெட்டைக் கழற்றினோம். நேர்விளிம்புச் சட்டத்தை அதன்மீது வைத்து இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டரே எல்லை. எங்களுடையது அதைப் போல் இரு மடங்கு வளைந்திருந்தது. லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமன் செய்து, புதிய கேஸ்கெட் வைத்துப் பூட்டினார்கள். 13,400 ரூபாய். வண்டி பட்டறையில் நின்ற ஒன்பது நாள்களும் ஆறு பிள்ளைகளும் ஆட்டோவில் வந்தார்கள். பெற்றோர் மூவர் கேளாமலேயே ஆட்டோக் கூலியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், வண்டியை எடுக்கும் முன், முன் இருக்கையைத் தூக்கி எண்ணெயையும் குடுவையின் மட்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாக மட்டம் மேல்கோட்டிலேயே நிற்கிறது. மூத்த மாணவன் ஒருவன் அக்கோட்டுக்கு நேரே தேதியிட்ட தாள் ஒட்டியிருக்கிறான்.