உட்துறைமுக வீதியில் ஓர் அறை

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் முதல் வாரம் மகிழ்ச்சியில் கழியும். இரண்டாம் வாரத்தில் "பிள்ளை எங்கே தங்கும்?" என்ற கேள்வி எழுந்துவிடும். கொழும்பிலும் கண்டியிலும் அதற்கு விடை காண்பது பெரும்பாலும் பணத்தைப் பொறுத்தது. திருகோணமலை போன்ற சிறு நகரத்தில் பணத்தோடு வேறு மூன்றையும் பொறுத்தது. பருவகாலம், வீதி, அயல். இந்த மூன்றையும் விசாரிக்காமல், தரையோட்டையும் மின்விசிறியையும் பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டுச் சில மாதங்களில் பெட்டியோடு மறுபடி தெருவுக்கு வந்த மாணவர்களை நான் அறிவேன். ஊரிலுள்ள உறவுப் பிள்ளைகளின் படிப்புக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பணம் அனுப்பும் நண்பர்கள் இதுபற்றி அடிக்கடி கேட்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் திருகோணமலை வளாகம் 2001இல் உருவாயிற்று. பெயரில் திருகோணமலை இருந்தாலும் வளாகம் நகருக்குள் இல்லை. வடக்கே நிலாவெளி வீதியில், உப்புவெளியையும் சாம்பல்தீவையும் கடந்து, ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் கோணேசபுரியில் இருக்கிறது. ஆகவே மாணவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. வளாகத்தின் அருகே, கடலோரக் கிராமங்களில் தங்கலாம். அல்லது துறைமுகத்தை ஒட்டிய நகரில் தங்கி நாள்தோறும் பஸ் ஏறலாம்.

எங்கே படிப்பது என்பதும் மாணவரின் முழு விருப்பத்தில் இல்லை. விருப்பத் தெரிவைப் பிள்ளை எழுதிக் கொடுத்தாலும், இசட் புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் வைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே இடத்தைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் வவுனியாப் பிள்ளையும் குருநாகல் பிள்ளையும் அக்கரைப்பற்றுப் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் கோணேசபுரிக்குப் போகிறார்கள். விடுதி இடம் எல்லோருக்கும் போதாது. முதலாம் ஆண்டிலும் இறுதி ஆண்டிலும் விடுதி கொடுக்க முயல்வதும், இடை ஆண்டுகளில் வெளியே அறை தேடச் சொல்வதும் நமது பல்கலைக்கழகங்களின் பொது வழக்கம். ஐவர் ஜெனிங்ஸ் பேராதனையை வதிவிடப் பல்கலைக்கழகமாகவே திட்டமிட்டார். 1952இல் மாணவர்கள் அங்கு குடியேறியபோது விரிவுரை மண்டபங்களோடு விடுதி மண்டபங்களும் எழுந்திருந்தன. பின்னர் மாணவர் தொகை பெருகிய வேகத்துக்குக் கட்டடங்கள் ஈடுகொடுக்கவில்லை. அந்த இடைவெளியை நாடெங்கும் நிரப்புகிறவர்கள், வீட்டின் ஒரு பக்கத்தை வாடகைக்கு விடும் சாதாரணக் குடும்பத்தினர்.

என் அக்காவின் மகள் தொடர்பாடற் கற்கைக்குத் தெரிவாகி, 2024 ஒக்டோபரில் வெளியே அறை தேடவேண்டி வந்தது. அக்கா வவுனியாவில் இருக்கிறார். நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று நாட்கள் மருமகளோடு அலைந்தேன். பார்த்த வீடுகள் பல. அவற்றுள் மூன்றைச் சொன்னால் போதும்.

முதலாவது, நிலாவெளிப் பக்கத்தில் வளாகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரம். புதிய அறை, பளபளக்கும் தரை, இணைந்த குளியலறை. வாடகையும் நியாயமாகவே இருந்தது. அங்கேதான் பருவகாலத்தின் கணக்கைப் பார்க்கவேண்டும். கிழக்குக் கடல் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை அமைதியாக இருக்கும். புறாத்தீவு பார்க்கவும் கடல் குளிக்கவும் வெளிநாட்டார் வருவது அப்போதுதான். அந்த மாதங்களில் ஓர் இரவுக்குக் கிடைக்கும் வாடகை, மாணவர் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை எட்டிப்பிடிக்கும். ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கியதும் அறைகள் வெறுமையாகும், மாணவரை வரவேற்பார்கள். "எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டேன். "பங்குனி மட்டும் பிரச்சினை இல்லை, பிறகு பார்ப்பம்" என்றார் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் 'பிறகு பார்ப்பம்' என்பதன் பொருள், பரீட்சைக்குப் படிக்கவேண்டிய காலத்தில் பிள்ளை இன்னோர் அறை தேடும் என்பதே. கிணற்று நீரையும் வாயில் விட்டுப் பார்த்தோம், உப்புக் கரித்தது. கடலோர மணற் கிணறுகளில் இது புதிதல்ல. நகரில் குழாய் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது.

இரண்டாவது, அன்புவழிபுரத்தில் உறவினர் ஒருவர் சொல்லிவிட்ட வீடு. தெரிந்த குடும்பம், சாமியறை, சைவச் சாப்பாடு. அக்காவுக்குத் தொலைபேசியிலேயே பிடித்துவிட்டது. "ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டிப் போடுவம், பிறகு ஒருத்தரும் வெளியில போறேல்லை" என்று வீட்டுக்காரர் பெருமையோடு சொன்னார். விரிவுரை முடிந்து, நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்து, நகரப் பஸ் நிலையத்தில் இறங்கி, மறு பஸ் பிடித்து வருகிற பிள்ளை ஆறு மணிக்குள் எப்படி வீடு சேரும்? நூலகத்தை விட்டுவிட்டால் சேரலாம்.

மூன்றாவது, உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் பழைய மாடிவீடு. நான் சிறுவனாக இருந்த காலத்திலேயே அந்தப் பகுதி வாடகை அறைகளுக்குப் பேர்போனது. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை கப்பற்பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்களும், 1980இல் சீனக்குடாவில் பிறிமா மாவாலை தொடங்கிய பின் அங்கு வந்தவர்களும், மாற்றலாகி வந்த எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் இத்தகைய வீடுகளில்தான் தங்கினார்கள். ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளியும் காலிச் சிங்களவரும் ஒரே கிணற்றில் அள்ளிக் குளித்த கதைகளை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1983உம் 1990உம் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் அழித்தன. ஆட்கள் தங்கள் தங்கள் பகுதிகளுக்குள் ஒதுங்கினார்கள்.

வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருப்பவர். மேலே இரண்டு அறைகள். ஒன்றில் குருநாகலிலிருந்து வந்த சிங்கள மாணவி ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். அறை பெரிதல்ல, தரை பழைய சீமெந்து. ஆனால் மான்கள் படுத்துக்கிடக்கும் பஸ் நிலையம் நடை தூரம். அந்த அம்மையார் என்னோடு பேசவில்லை, மருமகளோடு பேசினார். "பிள்ளை, எத்தனை மணிக்கு வாறாய் எண்டு நான் கேக்கமாட்டன். பிந்தினால் ஒரு சொல்லுச் சொல்லிப்போடு. நான் முழிச்சிருப்பன்." மூன்று நாட்களில் அவளைப் பார்த்துப் பேசிய முதல் வீட்டுக்காரர் அவர்தான்.

மருமகள் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். அக்கா சம்மதிக்கவில்லை.

அக்காவின் அச்சத்தை நான் எள்ளளவும் குறைத்து மதிப்பிடேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாலையில் நண்பர்களோடு கடற்கரைக்குப் போனதைத் தவிர அவர்கள் செய்தது ஒன்றுமில்லை. சந்தேக நபர்களாக நிறுத்தப்பட்ட 13 விசேட அதிரடிப் படையினரும் 2019 ஜூலையில் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். இந்த நகரில் மாலை நேரம் என்றால் ஒரு தமிழ்த் தாய்க்கு என்ன நினைவு வரும் என்பதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. "தம்பி, எங்கட ஆக்கள்ற வீடு இருக்கேக்க ஏன் இது?" என்றார் அக்கா.

நான் அவருக்குச் சொன்னது இதுதான். பாதுகாப்பு வீட்டுக்காரரின் இனத்தால் வருவதன்று, வீட்டின் வழக்கத்தால் வருவது. வீட்டுக்காரருக்குப் பயந்து பிந்தியதை மறைக்கும் பிள்ளையைவிட, பிந்துகிறேன் என்று தொலைபேசியில் சொல்லக்கூடிய பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது. பூட்டிய கேற்றுக்கு வெளியே ஆறேகாலுக்கு நிற்கும் பெண்ணை அந்தப் பூட்டு காப்பாற்றாது. 'எங்கட ஆக்கள்' மட்டும் இருக்கும் வீடு என்பதும் உத்தரவாதமன்று. 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையின் பின் உயிரிழந்ததும், மறு ஆண்டே 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்ததும் அக்காவுக்கும் நினைவிருந்தன. மேற்பார்வையாளர் இல்லாத தனியார் வீட்டில் மூத்த மாணவர் கூட்டமாக இருந்தால், அங்கே யார் யாரை அடக்கி ஆள்கிறார்கள் என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

இன்னொன்றும் சொன்னேன். நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேராதனைக் கலைப்பீடத்தில் படித்தபோது என் அறைத்தோழன் மாத்தறையைச் சேர்ந்தவன். வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. அரசியல் பேசினால் சண்டை வரும் என்பதால் நாங்கள் சமையலைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசினோம். அப்படிப் பேசிப் பேசி அவனிடம் கற்ற சிங்களமே முப்பது ஆண்டுச் செய்தித்தொழிலில் எனக்குச் சோறு போட்டது. காவல் நிலைய வாசலிலும் நீதிமன்றத்திலும் பலமுறை என்னைக் காத்ததும் அதுவே. இன்று வளாகத்தில் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே விரிவுரையில் ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கிறார்கள், மாலையானதும் மூன்று வகை வீடுகளுக்குப் பிரிந்து போகிறார்கள். நான்கு ஆண்டு பக்கத்தில் இருந்தும் ஒருவர் மொழியில் மற்றவர் ஒரு கோப்பைத் தேநீர் கேட்கத் தெரியாமல் பட்டம் பெறுகிறவர்கள் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய வீடுகளில் ஒருகாலத்தில் இயல்பாக நடந்ததை, ஒரு வீட்டிலாவது மறுபடி நடக்கவிடுவதில் என்ன தவறு?

அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே பஸ் ஏறி வந்து, வீட்டைப் பார்த்து, ஆசிரியையோடு ஒரு மணி நேரம் கதைத்துவிட்டு முற்பணத்தைக் கொடுத்தார்.

தேடுகிறவர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகள். அறையைப் பகலில் ஒரு தடவையும் இருட்டிய பின் ஒரு தடவையும் பாருங்கள். வீதி விளக்கு எரிகிறதா, பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும் வழியில் திறந்த கடை உண்டா என்பது இரவில்தான் தெரியும். மின் கட்டணம் எப்படி என்று முன்கூட்டியே கேளுங்கள். நமது நாட்டில் பாவிக்கும் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். ஒரே மானியில் இரண்டு மாணவர் சேர்ந்தால் வீட்டுக்காரரின் முழுக் கட்டணமும் மேற்படிக்குத் தாவிவிடும், சச்சரவு அங்கேதான் தொடங்கும். எத்தனை மாதத்துக்கு அறை, முற்பணம் எப்போது திரும்பும், சமையலறையைப் பாவிக்கலாமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வீட்டுக்காரரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, முன்னர் அங்கே இருந்த மாணவரிடமும் சந்திக் கடைக்காரரிடமும் கேளுங்கள். ஒரே கேள்வியை மூவரிடம் கேட்பது செய்தியாளரின் பழக்கம், அறை தேடுவோருக்கும் அது உதவும்.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் பிள்ளையோடு பேசுங்கள். மகாபொல உதவித்தொகை அப்போது மாதம் 5000 ரூபாய், 2025 ஏப்ரலிலிருந்து 7500 ஆயிற்று. மருமகளுக்கு அந்த 5000 வாடகைக்கே போதவில்லை. பஸ்ஸும் சாப்பாடும் வீட்டின் தோளில்தான். வளாகத்தின் அருகே தங்கினால் பஸ் செலவு மிஞ்சும். ஆனால் ஆண்டில் இருமுறை வீடு மாறும் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியபோது வகுப்புகள் நின்றன, வீதிகள் துண்டிக்கப்பட்டன. இரண்டு பெண்களும் ஊருக்குப் போக முடியாமல் அந்த மாடிவீட்டில் ஆசிரியையோடு இருந்தார்கள். வவுனியாவிலிருந்து அக்காவுக்கு மகளின் தொலைபேசி கிடைக்கவில்லை. குருநாகல் மாணவியின் தாயாருக்கு எப்படியோ இணைப்புக் கிடைத்திருக்கிறது. முன்பொருமுறை பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருந்த இலக்கத்துக்கு அந்த அம்மா வவுனியாவுக்கு எடுத்து, தெரிந்த இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களில் "பிள்ளை இரண்டும் நல்லம், சாப்பிட்டது" என்று சொன்னாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு, "தம்பி, சிங்களத்தில 'நன்றி'க்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.