குனிய நேரமில்லாத வேலை

முசிறியிலிருந்து தாத்தையங்கார்பேட்டை போகும் பக்கம் என் நண்பருக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. பல வருடம் உழாமல் போட்டதில் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. வெட்டி விறகாக்கிவிடலாம் என்று செயின் சா வாங்கப் போனார். கடைக்காரர் 58 சிசி எஞ்சினும், சங்கிலி சுற்றி ஓடும் 22 இன்ச் பாரும் போட்ட மெஷினை எடுத்து வைத்து, "எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க" என்றிருக்கிறார். நண்பருக்குச் சந்தேகம். அவர் நிலத்தில் தொடை அளவு மரமே அபூர்வம். பெரும்பாலும் முன்னங்கைப் பருமன்தான். அதை அறுக்க ஏறக்குறைய இரண்டடி நீளத்துக்கு இரும்பு எதற்கு? "பக்கத்துக் காட்டுல ஒருத்தர் வெட்டிக்கிட்டு இருக்கார், போய்க் கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

முசிறி என்றால் காவிரியும் கோரைப்பாயும்தான் நினைவுக்கு வரும். ஆற்றை ஒட்டி வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை என்று பச்சையாகக் கிடக்கும். வடக்கே ஏறினால் மானாவாரி பூமி; சோளமும் கடலையும் விட்ட இடத்தையெல்லாம் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. இந்த மரத்தைக் காமராஜர் கொண்டுவந்தார் என்று டீக்கடைகளில் சொல்வார்கள். உண்மையில் 1877-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா பகுதியில் வனத்துறை இதை நட்டுவிட்டது. விறகுப் பஞ்சத்துக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை அது இன்றும் செய்கிறது. டீக்கடை, கல்யாணச் சமையல், செங்கல் சூளை, சாயப்பட்டறைக் கொதிகலன் என்று எல்லா அடுப்பிலும் எரிவது இதுதான்.

வெட்டுபவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மடித்துக் கட்டிய கைலி, முழங்காலுக்குக் கீழே சாக்குத்துணி சுற்றிக் கட்டியிருந்தார். தலைக்கவசம் இல்லை, கண்ணாடி இல்லை. அவர் மனைவியும் ஒரு பையனும் கவைக்கொம்பால் முள்ளை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷினை அணைத்த பிறகுதான் பேச முடிந்தது. 

"அண்ணே, இவ்வளவு சின்ன மரத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பார்?" என்று கேட்டேன்.

"மரத்துக்கா தம்பி பாரு? முள்ளுக்கு" என்றார்.

சீமைக்கருவேலம் ஒற்றை மரமாக நிற்பதில்லை. ஒரே தூரிலிருந்து நாலைந்து கிளை சாய்ந்து கிளம்பும், சுற்றிலும் முள் வலை. சின்னப் பாராக இருந்தால் உடம்பை உள்ளே நுழைத்துக் குனிந்துதான் அடியைத் தொட முடியும். 22 இன்ச் இருந்தால் வெளியே நின்றபடி, முதுகை அதிகம் வளைக்காமல், அடியில் பாரைச் செலுத்திவிடலாம். கை முள்ளில் படாது. பார் நீளத்தை மரத்தின் குறுக்களவு தீர்மானிக்கும் என்று எண்ணிப் போன எனக்கு இது புதுக் கணக்காக இருந்தது.

பழைய கணக்கும் தப்பில்லை. அறுக்கப்போகும் கட்டையின் குறுக்களவைவிட இரண்டு இன்ச் கூடுதலாகப் பார் இருந்தால் போதும் என்பது பொதுவான வழக்கு. எட்டு முதல் பன்னிரண்டு இன்ச் விறகுக்கு 16 இன்ச்சே தாராளம். எப்போதாவது பெரிய கட்டை வந்தால் இருபுறமிருந்தும் அறுக்கலாம். எஞ்சினும் பாரும் ஜோடி பொருந்த வேண்டும். 40 முதல் 45 சிசிக்கு 16, 50 சிசிக்கு 18, 20-க்கு மேல் போனால் 60 சிசியை நெருங்க வேண்டும். நீளமான பாரில் சங்கிலியும் நீளம். உராய்வு கூடும், ஆயில் கூடும், எஞ்சின் மூச்சு வாங்கும். ஈரமரத்தில் முழுப் பாரையும் அமுக்கினால் 58 சிசியே திணறுவதை அங்கே காதால் கேட்டேன். வேம்பு, புளி, சாலையோரத் தூங்குமூஞ்சி வாகை என்று பெருமரம் வெட்டுபவருக்குத்தான் அந்த நீளம் நியாயம்.

நீளத்துக்கு விலை உண்டு. பார் முனை எங்கே இருக்கிறது என்று புதருக்குள் தெரியாது. முனையின் மேல் கால்பகுதி மறைந்திருக்கும் கிளையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. கண் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் இடது தோளில் ஒரு தழும்பைக் காட்டினார். அதைப் பற்றி மேலே எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு விலை மண். தரையை ஒட்டி அறுக்கும்போது முனை மண்ணில் பட்டுவிடும். ஒருமுறை பட்டாலே பல் மழுங்கும். பெட்ரோல் டேங்க் காலியாகும்போதெல்லாம் அவர் மரத்தடியில் உட்கார்ந்து அரம் போட்டார். அன்றைக்கு நான் அதிகம் பார்த்ததே அந்த அரத்தைத்தான். பென்சில் பருமன்கூட இல்லாத உருண்டை அரம், 4.8 மில்லிமீட்டர். சங்கிலியில் இடது பல், வலது பல் என்று மாறி மாறி வரும். ஒரு பக்கத்துப் பற்களை முழுக்கத் தீட்டிவிட்டு, மெஷினைத் திருப்பி மறுபக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் இத்தனை இழுப்பு என்று எண்ணிக்கை வைத்திருந்தார், கூடக் குறைய விடுவதில்லை. ஒரு பக்கத்துப் பல் மட்டும் குட்டையானால் அறுப்பு கோணும் என்றார். 

இந்த இடது-வலது அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாக மரத்தைக் குடைந்து தின்பதைக் கவனித்து இப்படி ஒரு சங்கிலியைச் செய்தார். முசிறிக் காட்டில் சுற்றுவதும் அதன் வழிவந்த சங்கிலிதான். கதையைச் சொன்னதும் அவர் சிரித்து, "புழு அரம் போட வேண்டாமே தம்பி" என்றார்.

22 இன்ச் சங்கிலியில் 43 பல். 18 இன்ச் என்றால் 36. ஏழு பல் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒரு நாளில் பலமுறை தீட்டும் கைக்கு அது தனி வேலை. "பல்லு கூரா இருந்தா அவல் மாதிரி விழும். மாவா விழுந்துச்சுன்னா நிறுத்திரணும். அதுக்கு மேல அறுத்தா பெட்ரோல்தான் அறுபடும்."

அவருடைய அப்பா கோடாலிக்காரர். பெருமரம் சாய்க்க இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கும் ரம்பம். இவர் இளவயதில் கோட்டயம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குப் போயிருக்கிறார். பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும் வேலை. மெஷின் பழகியது அங்கேதான். அங்கே முதலாளி மெஷினும் எண்ணெயும் கொடுத்து நாள்கூலி தருவாராம். திரும்பி வந்தபோது ஊரில் எல்லாம் டன் கணக்காகியிருந்தது.

இங்கேதான் என் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தது. அவரிடம் எஞ்சின் ஒன்று, பார் இரண்டு. தோட்டக்காரர்கள் நாள்கூலிக்குக் கூப்பிட்டால் 18 இன்ச் மாட்டுகிறார். கை வலி குறைவு, முனை கண்ணுக்குத் தெரியும். விறகுக் காண்ட்ராக்டருக்கு வெட்டும்போது 22. "நாள்கூலின்னா குனியலாம் தம்பி. டன்னுக்கு வெட்டும்போது குனிய ஏது நேரம்?"

அந்த டன் கணக்கை விரித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. காண்ட்ராக்டர் நிலக்காரரிடம் மரத்தை மொத்தமாகப் பேசிவிடுகிறார். வெட்டுபவருக்கு டன்னுக்கு இவ்வளவு. பெட்ரோல், லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில், சங்கிலி, அரம், முள் ஒதுக்கும் ஆள், எல்லாம் அந்தத் தொகைக்குள். பாருக்கு ஊற்ற நல்ல ஆயில் வாங்கக் கட்டுப்படியாகாமல் மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலைத்தான் ஊற்றுகிறார். மெஷினே காண்ட்ராக்டர் முன்பணத்தில் வந்தது, வாராவாரம் பிடித்தம். 22 இன்ச்சைத் தேர்ந்தெடுத்ததும் காண்ட்ராக்டர்தான். வேகமாக அறுபட்டால் லாரி சீக்கிரம் நிறையும். சங்கிலி தேய்ந்தால் அவருக்கு நட்டமில்லை.

எடை எடைமேடையில் நடக்கிறது. சீட்டு காண்ட்ராக்டர் கைக்குப் போகிறது. பச்சை மரம் என்று ஈரத்துக்கு ஒரு கழிவு. ஆனால் அறுக்கும்போது அந்த ஈரத்தையும் சேர்த்துத்தானே மெஷின் அறுத்தது? சூளைக்காரர் ஈரத்துக்குக் குறைத்தால் அந்தக் குறைவு நேராக வெட்டுபவர் தலையில் இறங்குகிறது. இடையில் இருப்பவர் விரலில் ஒரு முள்கூடத் தைப்பதில்லை.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது பொக்லைன்கள் தூரோடு பிடுங்கியதை அவர் நினைவுகூர்ந்தார். அறுத்தால் தூரில் மறுபடி துளிர்க்கும், சில வருடத்தில் இன்னொரு வெட்டு. பிடுங்கினால் முடிந்தது. விவசாயம் செய்ய நினைக்கும் நிலக்காரர் பிடுங்கத்தான் வேண்டும். விறகுக்காக வைத்துக்கொள்பவர் மட்டும் ரம்பத்தைக் கூப்பிடலாம். தன் பிழைப்புக்கு எதிரான இந்த யோசனையை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

நண்பரிடம் நான் சொன்னது இது. மெஷின் வாங்க வேண்டாம். சொந்தமாக வெட்டியே தீருவேன் என்றால் 45 சிசி, 16 இன்ச், கூடவே கண்ணாடி, காதடைப்பான், தடித்த கால்சட்டை, நல்ல பூட்ஸ். வெட்டத் தெரிந்தவரை வைத்தால் நாள்கூலி பேசி, பெட்ரோலும் சங்கிலியும் நிலக்காரர் கணக்கில் வைப்பது நியாயம். அவர் 18 இன்ச்சை மாட்டிக்கொண்டு நிதானமாக வெட்டுவார். டன் கணக்குதான் என்றால் எடைமேடைச் சீட்டில் ஒரு நகல் வெட்டுபவர் கைக்கும் போக வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நிலக்காரர் லாரியை வெளியே விடுவதற்கு முன் கேட்டால் போதும்.