மீனுக்கு நாலு வாட் போதும் பாஸ்!

உங்க வீட்டுல மீன் தொட்டி இருக்கா? இருந்தா இதைக் கண்டிப்பா படிங்க. இல்லேன்னாலும் படிங்க. ஏன்னா இது கரண்ட் கட்டுல மீனைக் காப்பாத்துறது எப்படின்னு ஆரம்பிச்சு, எட்டாங்கிளாஸ்ல நான் பண்ணின ஒரு திருட்டுத்தனத்துல போய் முடியப் போகுது.

மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் கொடைக்கானல். ஹாஸ்டல்ல இதைச் சொன்னா ரெண்டே கேள்விதான் வரும். ‘குணா குகைக்குள்ள போயிருக்கியாடி?’, ‘ஊருக்குப் போயிட்டு வர்றப்ப ஹோம்மேட் சாக்லேட் உண்டா?’ அங்கேயும் மனுஷங்க ரேஷன் கடை க்யூவுல நிக்கிறாங்க, கரண்ட் போனா ஈ.பி. ஆபீஸுக்கு போன் மேல போன் போடுறாங்கன்னு ஒருத்திக்கும் தோணாது!

எங்க வீட்டுக்கு ஏஞ்சல் மீன் வந்த கதையே தனி. ஆறாங்கிளாஸ் லீவுல மதுரையில சித்தி வீட்டுக்குப் போனப்போ, அடம் பிடிச்சு நாலு ஏஞ்சல் வாங்கினேன். கடைக்கார அண்ணன் பாலிதீன் கவர்ல கொஞ்சம் தண்ணி விட்டு, மீதிக்கு ஆக்சிஜன் அடிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார். வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏற ஏற, அந்தக் கவர் உப்ப ஆரம்பிச்சது பாருங்க! பெருமாள் மலை வர்றப்ப பலூன் மாதிரி விண்ணுன்னு நிக்குது. பக்கத்து சீட் அக்கா கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்டும் அதே கதி. வெடிச்சிடுமோன்னு அழுதுக்கிட்டே வந்தேன். உள்ள இருக்குற காத்து அதேதான், வெளியில அமுக்குற காத்துதான் குறைஞ்சுபோச்சுன்னு அப்போ தெரியாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காத்தோட அழுத்தம் கீழே இருக்குறதுல 78 சதவிகிதம் அளவுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

ஏஞ்சல் அமேசான் ஆத்துப் பக்கத்து மீன். 25, 26 டிகிரி சூடு கேக்கும். எங்க ஊர்ல நவம்பர் ராத்திரி 10 டிகிரி பக்கம் போகும். ஆக, 60 லிட்டர் தொட்டி, 100 வாட் ஹீட்டர், ஒரு குட்டி ஏர் பம்ப்னு அப்பா வாங்கிப் போட்டார். ‘எனக்குக் குளுருதுன்னா ஒரு ஹீட்டர் வாங்க வக்கில்ல, மீனுக்கு ஹீட்டரா?’ன்னு அம்மா கேட்ட கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. வராண்டாவுல இருந்த பழைய சிமென்ட் தொட்டியில ரெண்டு தங்கமீன் வேற கிடந்துச்சு. அதுக்கு ஹீட்டரும் கிடையாது, பம்ப்பும் கிடையாது. ஞாபகம் வந்தா சாப்பாடு போடுவோம், அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. கஜா புயல். அதிகாலையில வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவைப் புரட்டிப் போட்டுட்டு மேற்கே வந்தது. மலைக்கு வர்றதுக்குள்ள சோர்ந்துடும்னுதான் எல்லாரும் நினைச்சோம். எங்கே... மரங்க எல்லாம் பேய் பிடிச்ச மாதிரி ஆடி, ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சது. ரோடு அடைச்சுப்போச்சு. கம்பியெல்லாம் தரையில கிடந்துச்சு. காலையில போன கரண்ட் எங்க தெருவுக்குத் திரும்பி வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம்! நாங்க பரவாயில்ல. டெல்டாவுல லட்சத்துக்கும் மேல மின்கம்பம் விழுந்து, மாசக்கணக்குல இருட்டுல இருந்த கிராமங்க உண்டு.

வீட்டுல ஒரு இன்வெர்ட்டர் இருந்துச்சு. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அப்போ அதுக்கு மூணு வயசு. அப்பா எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு கறாரா சொல்லிட்டார். ‘ஹால்ல ஒரே ஒரு லைட்டு. போன் சார்ஜ். வேற எதையும் தொடக் கூடாது. அப்பத்தாவுக்கு நெபுலைசர் தேவைப்பட்டா வேணும்.’ அப்பத்தாவுக்கு ஆஸ்துமா. குளிர் ஏறினா நெஞ்சுல விசில் அடிக்கும்.

ராத்திரி எல்லாரும் தூங்கினதும் தொட்டிகிட்ட போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன். நாலு ஏஞ்சலும் மூலையில ஒண்டிக்கிட்டு, துடுப்பை மடக்கிக்கிட்டு நிக்குதுங்க. தண்ணியில கை வச்சா ஐஸ். மனசு கேக்கல. நைஸா ஹீட்டர் ஒயரை எடுத்து இன்வெர்ட்டர் பிளக்ல சொருகிட்டேன். செவப்பு லைட்டு ‘மினுக்’னு எரிஞ்சது. நிம்மதியா போய்ப் படுத்துட்டேன்.

விடியக்காலை மூணு மணி இருக்கும். அப்பத்தாவுக்கு இரைப்பு வந்துடுச்சு. அப்பா நெபுலைசரை மாட்டி சுவிட்சைப் போடுறார்... இன்வெர்ட்டர் ‘கீ... கீ...’ன்னு கத்திட்டு செத்துப்போச்சு. மறுபடி போடுறார். மறுபடி கீ. நான் இருட்டுல தவழ்ந்து போய் ஹீட்டர் ஒயரை உருவிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நின்னேன். வெளியில ரோடு இல்ல. போன்ல டவர் இல்ல. அப்பத்தாவைச் சுவத்துல சாய்ச்சு உக்கார வச்சு, அம்மா முதுகை நீவிவிட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு மூச்சும் ரம்பம் அறுக்குற மாதிரி. அந்தச் சத்தத்தை நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், எப்போ நின்னுடுமோன்னு. ஆறரைக்கு வெளிச்சம் வந்ததும் பக்கத்து வீட்டு அண்ணனுங்க நாலு பேர், பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. குறுக்கே விழுந்து கிடந்த ரெண்டு மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ன ஜீப்புல ஏத்தி, ஆஸ்பத்திரி. சாயங்காலம் அப்பத்தா நல்லபடியா வீடு வந்தாச்சு. மூச்சு விடுங்க!

ஏஞ்சல்? ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலும் போச்சு.

இப்போ ட்ரிபிள் ஈ மூளையைக் கொஞ்சம் கசக்குவோம். அரியர் வச்சிருக்குறவங்களும் வரலாம், கணக்கு ஈஸிதான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர்னா பேட்டரி மேல எழுதியிருக்குற கணக்குப்படி 1,800 வாட்-ஹவர். எங்க தொட்டி 60 லிட்டர். அதை வெளிக்குளிரை விட 14 டிகிரி சூடா வச்சிருக்க, தோராயமா 75 வாட் இடைவிடாம கொடுத்துக்கிட்டே இருக்கணும். அதாவது 24 மணி நேரத்துக்கு 1,800 வாட்-ஹவர். புத்தம் புது பேட்டரியையே ஒரே நாள்ல நக்கிடும்! மூணு வயசு பேட்டரி ஒரு ராத்திரிக்குத் தாங்கினதே பெரிய விஷயம். அந்த நெபுலைசர் கேட்டது எவ்வளவு தெரியுமா? பத்து நிமிஷத்துக்கு இருபது, இருபத்தஞ்சு வாட்-ஹவர். ஹீட்டர் அதை இருபது நிமிஷத்துல தின்னிருக்கும்.

ஏர் பம்ப்? வெறும் நாலு வாட். மீனுக்கு அன்னிக்கு ராத்திரி முதல்ல வேண்டியது அதுதான். நான் அதை மாட்டவே இல்ல. குளிரைத்தான் பாத்தேன், மூச்சைப் பாக்கல. (அப்பத்தா விஷயத்துலயும் அதேதானேன்னு நீங்க கேக்குறது காதுல விழுது.)

ஊருக்கு ஊர் தண்ணியில கரையுற ஆக்சிஜன் மாறும். தண்ணி குளிர்ந்தா நிறைய கரையும், காத்தழுத்தம் குறைஞ்சா கம்மியா கரையும். மதுரையில 28 டிகிரி தண்ணியில லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 7.7 மில்லிகிராம் நிக்கும். கொடைக்கானல்ல 15 டிகிரி தண்ணியிலயும் அதே அளவுதான்! குளிர் கொடுக்குறதை உயரம் பிடுங்கிக்குது. வராண்டா தங்கமீனுக்கு இது தாராளம். குளிர்ல அதோட உடம்பே மெதுவாத்தான் ஓடும், மூச்சும் கம்மியா வாங்கும். ஆனா அதே கொடையில ஹீட்டர் போட்டு 26 டிகிரி ஆக்கினீங்கன்னா 6.3 மில்லிகிராம்தான். அதாவது, கொடைக்கானல்ல சூட்டு மீன் வளர்க்குறவர் மதுரைக்காரரை விட கம்மி இருப்புல குடும்பம் நடத்துறார். கரண்ட் போய் பபுள்ஸ் நின்னா முதல்ல முட்டுறது அவர் தொட்டிதான்.

சரி, என்னதான் பண்ணணும்?

ஹீட்டரை மறந்துடுங்க. தொட்டியைச் சுத்தி கம்பளி, பழைய போர்வை, தெர்மாகோல்னு கிடைச்சதைக் கட்டுங்க. மேலே மட்டும் காத்து போக இடம் விடுங்க. எங்க தொட்டி அளவுக்கு சும்மா விட்டா ஆரம்பத்துல மணிக்கு ஒரு டிகிரி இறங்கும், போத்தினா அது நல்லாவே மெதுவாகும். மெதுவா இறங்குற குளிரை மீன் ஓரளவுக்குத் தாங்கும். நான் பண்ணின மாதிரி அடுப்புல கொதிக்க வச்ச தண்ணியை உள்ள ஊத்தாதீங்க. ஆமா, சனிக்கிழமை அதையும் பண்ணேன். பாவமா இருக்கேன்னு ரெண்டு வேளை சாப்பாடும் போட்டேன். அது அழுகி அம்மோனியா ஆகும், மீனோட கழிவும் சேரும், அதைச் சுத்தம் பண்ற பாக்டீரியாவுக்கும் மூச்சு இல்ல. வளர்ந்த மீன் நாலஞ்சு நாள் பட்டினி கிடந்தா சாகாது. நான் போட்ட சாப்பாட்டுல செத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

காத்துக்கு ரெண்டு வழி. டார்ச் செல்லுல ஓடுற குட்டி பம்ப் ஒண்ணு, யு.எஸ்.பி. பம்ப் இன்னொண்ணு. யு.எஸ்.பி. பம்ப் ஒரு வாட்தான் எடுக்கும். உங்க 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்ல இருக்குறது 37 வாட்-ஹவர், சேதாரம் போக 25, 30 தேறும். ஒரு நாள் முழுக்க ஓடும் பாஸ்! சில பவர் பேங்க் ‘யாரோ பிச்சைக்காரன் சார்ஜ் கேக்குறான்’னு நினைச்சு தானா ஆஃப் ஆயிடும், முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கோங்க. இன்வெர்ட்டர்லதான் மாட்டுவேன்னா தாராளமா மாட்டுங்க. ஆனா ஒரு விஷயம். நாலு வாட் பம்ப்புக்காக இன்வெர்ட்டரை விட்டு வச்சா, அது சும்மா முழிச்சிருக்கவே பத்து, இருபது வாட் தின்னும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளையை விட மாப்பிள்ளைத் தோழன் அதிகம் சாப்பிடுற கதை!

இன்னொரு விஷயம். பம்ப்பைத் தொட்டித் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. இல்லேன்னா கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா திரும்பி வந்து பம்ப்புக்குள்ள இறங்கிடும். மூடி போட்ட டப்பா ஃபில்டர்னா, கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீங்க. பல மணி நேரம் உள்ளேயே கெட்டுப்போன தண்ணியை மொத்தமா தொட்டிக்குள்ள கக்கும். கழட்டி, தொட்டித் தண்ணியிலயே அலசிட்டு மாட்டுங்க.

எதுவுமே கையில இல்லையா? ஒரு சொம்பு போதும். தொட்டித் தண்ணியை மொண்டு ஒரு ஜாண் உயரத்துல இருந்து அதுலயே ஊத்துங்க. அஞ்சு நிமிஷம் ஊத்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. மீன் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பிச்சா உடனே. டீ ஆத்தத் தெரிஞ்ச எல்லாருக்கும் இது வரும்.

பெரிய இடத்துலயும் இந்தக் கதை உண்டு. 2005 கத்ரீனா புயல்ல அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் அக்வேரியத்துல ஜெனரேட்டர் எல்லாம் இருந்துச்சு. ஊழியர்கள் வெளியேற வேண்டிய நிலைமை, சில நாள்ல ஜெனரேட்டரும் நின்னுபோச்சு. சுமார் 10,000 மீன்கள்ல பெரும்பாலானவை செத்துப்போச்சு. பென்குயினும் நீர்நாயும் பிழைச்சதுங்க. அதுங்க மூச்சு வாங்குறது நம்மள மாதிரி காத்துல ஆச்சே!

எங்க வராண்டாவுல ரெண்டு தங்கமீனும் அப்படியே இருந்துச்சுங்க. புயல்ல பறந்து வந்த இலையும் குப்பையும் தொட்டி நிறைய, நடுவுல ரெண்டு செவப்பு வால். அதுல ஒண்ணு போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு. இப்போ வீட்டுத் தொட்டியில ஹீட்டர் கிடையாது. தங்கமீனும், சீனாவுல இருந்து வந்த வெள்ளை மேக மலை மீனும்தான். கண்ணாங்குவோவுக்கு... ச்சே, குவாங்சோ ஊர்ப் பக்கம் வெள்ளை மேக மலைன்னு ஒண்ணு இருக்காம், அங்க கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. பேரைக் கேட்டதும் இது நம்ம ஊருக்குன்னே வந்த மீன்னு வாங்கிட்டேன். சில்லுன்னு தண்ணி இருந்தாத்தான் ஜாலியா சுத்துது.

போன தீபாவளி லீவுல ஊருக்குப் போனப்போ கரண்ட் போச்சு. நான் பவர் பேங்க்கை எடுத்து பம்ப்பை மாட்டிக்கிட்டு இருந்தேன். அப்பத்தா கட்டில்ல படுத்தபடி பாத்துக்கிட்டே இருந்தவங்க, ‘ஏத்தா, இதுல அந்தச் செவப்பு லைட்டு இல்லையா?’ன்னாங்க.

எனக்குக் கை நின்னுபோச்சு. அன்னிக்கு ராத்திரி அப்பத்தா படுத்திருந்தது அதே ஹால்லதான். நான் ஒயரை மாட்டினதுல இருந்து உருவினது வரைக்கும் எல்லாத்தையும் பாத்திருக்காங்க.

‘அப்பாகிட்ட ஏன் அப்பத்தா சொல்லல?’

‘அதுகளும் குளுர்லதான கிடந்துச்சுக’ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. புயல் முடிஞ்ச வாரமே அந்தப் பேட்டரியைத் தூக்கிட்டு மலை இறங்கிப் போய், ‘எங்கம்மா உயிருக்கு உலை வச்சிட்டியேய்யா’ன்னு கடைக்காரர்கிட்ட அப்படி ஒரு சண்டை போட்டுட்டு வந்தார். அந்தக் கடைக்காரர் பேசாம பாதி விலைக்கு வேற பேட்டரி கொடுத்தனுப்பினார்.

அப்பா, இதைப் படிச்சா... அது நல்ல பேட்டரிதான்பா.