றப்பர் தவளை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு தூண்டில்கள் சாத்திக் கிடக்கின்றன. ஒன்று பெரிய மாமாவுடையது. மூங்கில் கம்பு, நுனியில் தங்கூசி, தக்கைக்கு ஒரு துண்டு ரெஜிபோம். அவ்வளவுதான். மற்றது என்னுடையது. ஆறரை அடி கார்பன் ரொட், 3000 சைஸ் ரீல், பச்சை நிற பிரெய்ட் நூல். உம்மா அதைத் தூண்டில் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஒண்ட துவக்க எடுத்து அங்கால வை மனே, வீடு கூட்டணும்" என்பா.

துவக்கு வாங்கியது 2022இல். அந்த வருடத்தை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டிப் போனது. பெற்றோல் கியூ கல்முனையில் சந்தி சந்தியாக வளைந்து கிடந்தது. கெம்பஸ் மூடி, வகுப்பெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. கரண்ட் இருக்கிற நேரத்தில் வகுப்பு இருக்காது, வகுப்பு இருக்கிற நேரத்தில் கரண்ட் இருக்காது. அந்த இடைவெளியில்தான் நான் யூடியூபில் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்களுக்குள் விழுந்தேன்.

அமெரிக்காக்காரர்களுக்கு லார்ஜ்மவுத் பாஸ் என்றால் ஒரு தனிப் பைத்தியம். அந்த மீனுக்காகவே படகு, அந்த மீனுக்காகவே போட்டி, அந்த மீனின் பெயரில் நூறு வகை ரொட். உலக சாதனை மீன் 1932இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்தது, 22 இறாத்தல் 4 அவுன்ஸ். கிட்டத்தட்ட 10 கிலோ. 77 வருடம் கழித்து, 2009 ஜூலையில், ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமப்படுத்தினார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இத்தனை ஆயிரம் லூர்கள் விற்கிற காலத்தில் குரிட்டா அந்த மீனைப் பிடித்தது உயிருள்ள ஒரு சின்ன மீனை ஹூக்கில் கோர்த்து. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அதத்தானே நாங்களும் செய்யிற" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தொடர்ந்தார்.

எங்கள் பக்கத்துக் குளங்களில் பாஸ் கிடையாது. ஆனால் பாஸ் அங்கே செய்கிற வேலையை இங்கே செய்வதற்கு ஒருத்தர் இருக்கிறார். விரால். செடிக்குள் ஒளிந்து நிற்கும், பதுங்கியிருந்து பாயும், வாய் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. பாஸுக்கு இல்லாத ஒன்றும் அதற்கு இருக்கிறது. அது காற்றைச் சுவாசிக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுப் போகும், அந்த 'பொளக்' சத்தம்தான் நமக்கு அட்ரஸ். 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குட்டையில் விரால் குடும்பத்து இன்னொரு இனம் கிடைத்தது. அங்கே அது அந்நிய மீன். நஞ்சு போட்டு அந்தக் குட்டையையே கொன்றுவிட்டார்கள். இங்கே பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுக்கிற மீன் அங்கே பேய்.

சரி, சாமான் வாங்கின கதைக்கு வருகிறேன்.

டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் முதலில் வாங்கியது ஒரு மெல்லிய ரொட், இரண்டு கிரேங்க்பெய்ட். வீடியோவில் அந்த லூர் தண்ணீருக்குள் ஆடி ஆடிப் போகிற அழகைப் பார்த்துத்தான் வாங்கினேன். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று மூன்று முள் ஹூக்குகள் தொங்கும். அதைக் கொண்டுபோய் எறிந்த இடம் கிட்டங்கி. கிட்டங்கியைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பார்கள். மாரி பெய்தால் அங்கே தண்ணீரைவிட ஆற்றுவாழைதான் அதிகம். முதல் லூர் மூன்றாவது எறியில் போனது. இரண்டாவது அன்று மாலையே போனது. இறங்கி எடுக்கலாம் என்று கால் வைத்தபோது, பாலத்தில் நின்ற ஒருவர், "தம்பி, முதல கிடக்கு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், இந்த ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. லூரை முதலைக்கே விட்டுவிட்டு வந்தேன்.

தூண்டில் சாமான் தேர்வு செய்வதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அன்று படித்ததுதான். கடையில் தொடங்கக்கூடாது, தண்ணீரில் தொடங்கவேண்டும். நான் எறியப்போகிற தண்ணீரில் என்ன மூடிக் கிடக்கிறது, எவ்வளவு ஆழம், மீன் எங்கே நிற்கிறது. கிரேங்க்பெய்ட் திறந்த, ஆழமான தண்ணீருக்கு. சேனாநாயக்க சமுத்திரம் மாதிரி இடத்துக்கு. ஆனால் அது தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, நினைத்த நேரம் ரொட்டைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. அந்தச் சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வட்டைக்கு வந்து, வரம்பு தாண்டி வழிந்து நிற்கிற பள்ளங்கள்தான் எங்களுக்கு வாய்த்தவை. இடுப்பளவு ஆழம், மேலே சல்வீனியா, ஓரமெல்லாம் பன். இங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எந்த ஹூக்கும் செடியைத்தான் பிடிக்கும்.

அதனால் ஹூக் மறைந்திருக்கவேண்டும். பாஸ் பிடிக்கிறவர்கள் இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று டெக்சஸ் ரிக். தோட்டா மாதிரி ஒரு சின்ன ஈயத்தை நூலில் ஓடவிட்டு, வளைந்த கழுத்துள்ள ஹூக்கில் றப்பர் புழுவைக் கோர்த்து, ஹூக்கின் கூரை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவது. மீன் கடித்தால்தான் கூர் வெளியே வரும். செடிக்கு இடையில் ஓட்டை இருந்தால் அதற்குள் இறக்க இது நல்லது. 3/0 ஹூக் எனக்குச் சரியாக இருக்கிறது.

மற்றது தவளை. உள்ளே வெறுமையான றப்பர் உடம்பு, முதுகோடு ஒட்டினாற்போல மேல்நோக்கிய இரட்டை ஹூக். செடிக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வரும், எதிலும் மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு நசுங்கி ஹூக் வெளிப்படும். இதை வாங்கும்போது கடையிலேயே விரலால் நசுக்கிப் பாருங்கள். றப்பர் கட்டியாக இருந்து நசுங்காவிட்டால் நிறம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பின்னால் தொங்குகிற கால் இழைகளைக் கொஞ்சம் கத்தரித்தால், மீன் காலை மட்டும் கவ்விவிட்டுப் போவது குறையும். இரண்டு காலையும் ஒரே அளவில் வெட்டாமல் விட்டால் தவளை ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும், அதுவும் நல்லதுதான் என்பார்கள்.

நூல் பிரெய்ட்தான். தங்கூசி இழுபடும். செடிக்குள் இருக்கிற விராலை இழுபடுகிற நூலால் வெளியே எடுக்கமுடியாது, அது ஒரு சுற்றுச் சுற்றினால் கதை முடிந்தது. 40 இறாத்தல் பிரெய்ட் போட்டு, ரீலின் டிரேக்கை இறுக்கி வைத்தேன். அதற்கு மெல்லிய ரொட் தாங்காது. ஆகவே முதல் ரொட்டை ஒரு கூட்டாளியின் தலையில் கட்டிவிட்டு இப்போது இருக்கிற மீடியம் ஹெவி ரொட்டை வாங்கினேன். (அவன் அதில் திலாப்பியா பிடித்துச் சந்தோஷமாக இருக்கிறான். 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீனுக்குப் பாணும் புழுவும் போதும், தவளையெல்லாம் வேண்டாம்.)

இவ்வளவு சாமானுக்குப் பிறகும் கைக்கு வராத ஒன்று இருந்தது. பொறுமை. விரால் தவளையை அடிக்கிற சத்தத்துக்கே கை தானாகத் தூக்கிவிடும். தூக்கினால் தவளை வெறும் வாயோடு பறந்து வந்து நம் நெஞ்சில் விழும். நூல் இழுபடும் வரை, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணிவிட்டு அடிக்கவேண்டும். எனக்கு இது பழக ஆறு மீன் தப்பவேண்டியிருந்தது. மாமா ஒருநாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அறுந்த பாட்டா செருப்பில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு ஹூக்கைக் கட்டி, செருப்பு வார் துண்டைக் காலாக வைத்துத் தந்தார். நான் சிரிக்கவில்லை. பின்லாந்தில் லோரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்லட் சுற்றுகிற தாளை ஒட்டித்தான் தன்னுடைய முதல் லூரைச் செய்தார். மாமாவின் செருப்புத் தவளையில் இரண்டு மீன் பிடித்தேன்.

பிறகு 2023 ஜனவரி. ராத்தாவுக்கு ஒப்பரேஷன் செய்துதான் பிள்ளை கிடைத்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் உம்மா என்னிடம் முதன்முறையாகத் துவக்கைப் பற்றி மரியாதையாகப் பேசினா. "மனே, ராத்தாக்கு ஒரு விரால் கெடச்சா நல்லம். புண் காயும். சந்தையில வெல கேக்க ஏலாம கிடக்கு."

எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல. சுபஹ் தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்தேன். வட்டை ஓரத்துப் பள்ளத்தில் பனி இன்னும் எழும்பவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி, தூறல் விழுகிற மாதிரி, சின்னச் சின்னக் குமிழி. கிட்டப்போய்ப் பார்த்தால் சிவப்பாக ஒரு கூட்டம். விரால் குஞ்சுகள். பெரிய வட்டில் அளவில் ஒன்றாக மேலே வந்து காற்றெடுத்துவிட்டு, ஒன்றாக இறங்குகின்றன. வீடியோக்களில் இதைப் பார்த்திருக்கிறேன். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இதைத் தேடித்தான் போகிறார்கள். குஞ்சுக்கு அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும், சிலவேளை இரண்டும். கூட்டத்துக்கு மேலால் ஒரு தவளை போனால் அது பசிக்காக அடிக்காது. விரட்ட அடிக்கும். அடித்தே தீரும்.

நான் எறிந்தேன். இரண்டாவது இழுவையில் தண்ணீர் வெடித்தது. ஒன்று இரண்டு எண்ணினேன். எல்லாம் பாடத்தில் இருந்தபடியே சரியாக நடந்தது. கரைக்கு வந்த மீன் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

வீட்டில் உம்மா அடுப்படியில் வைத்துச் சாம்பல் போட்டு உரசும்போது மாமா வந்தார். மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க புடிச்ச?"

சொன்னேன்.

"குஞ்சோட நிண்டதா?"

நான் பேசாமல் நின்றேன். மாமா ஏசவில்லை. "நாங்க குஞ்சோட நிக்கிறதுக்கு எறியிற இல்ல மனே" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ராத்தாவின் பிள்ளையைப் பார்க்க அறைக்குள் போனார்.

ராத்தா ஆணத்தை ருசித்துச் சாப்பிட்டா. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அடுத்தநாள் காலை அந்தப் பள்ளத்துக்குப் போனேன், ரொட் இல்லாமல். சிவப்புக் கூட்டம் இருந்தது, ஆனால் ஒரு கை அகலத்துக்குத்தான். கரையில் இரண்டு கொக்கு. தண்ணீருக்குள் பனையான்கள் வந்து வந்து கொத்துகிற அசைவு தெரிந்தது. கொக்குக்குக் கல்லெறிந்தேன். பனையானுக்கு என்ன எறிவது? மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை.

கூட்டாளிகளிடம் இதைச் சொன்னால் சண்டை வரும். "வல போடுறவன் குஞ்சு, தாய் பாத்தா போடுறான்? ஒண்ட ஒரு மீனாலயா குளம் அழியப்போகுது?" என்பான் ஒருத்தன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மீன் விற்று அரிசி வாங்குகிற ஒருவரிடம் போய் நான் இந்தக் கதையை எடுக்கமாட்டேன். ஆனால் நான் வலை போடவில்லையே. ஒவ்வொரு எறியும் நான் யோசித்து எறிகிறது. எந்த லூர், எந்த இடம், எந்த மீன் என்று தெரிவு செய்கிறதற்குத்தானே இவ்வளவு காசு கொட்டினேன். பசித்த மீனை ஏமாற்றுவது ஒன்று, காவல் நிற்கிற மீனை ஏமாற்றுவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. சாமான் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிடித்து விடுகிறதைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்க வீடியோக்களில் மீனை முத்தமிட்டு விடுகிறார்கள். நானும் சில மீனை விட்டேன். ஹூக்கின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்தால் கழற்றுவது லேசு, வாய் கிழியாது, இதை எல்லோரும் செய்யலாம். ஆனால் உம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது, "திங்கவும் இல்லாம, விளையாட்டுக்கு அதுட வாயக் குத்திப்போட்டு விடுறது என்ன புண்ணியம்?" என்று கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. வீட்டுக்கு வேண்டிய அன்றைக்குத்தான் இப்போது போகிறேன். மாரியில் சிவப்புக் கூட்டம் கண்டால் அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு, வாய்க்காலின் மற்றப் பக்கம் போய் டெக்சஸ் ரிக்கில் புழு போடுகிறேன். அதிகம் கிடைக்காது. வெறுங்கையோடு வந்தால் மாமா தன்னுடைய மூங்கில் கம்பில் பிடித்த பனையானில் இரண்டு தருவார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அந்தத் தவளையில் பிறகு ஹூக்கைக் கழற்றிவிட்டேன். மருமகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. குளிக்க வார்க்கும்போது அதை வாளிக்குள் அமுக்கிப் பிடித்து விடுவாள். 'பொளக்' என்று மேலே வரும்.